ஒம்புட்ஸ்மனைத் தேர்ந்தெடுப்பது குழு அல்ல

"ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒம்புட்ஸ்மனை, அதாவது நிர்வாகத்தின் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரியை, நாடாளுமன்றத்தின் மனுக்கள் குழுவே பூட்டிய அறைக்குள் முடிவு செய்கிறது" என்று ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு.

போட்டியிட விரும்புபவர் முதலில் குறைந்தது 2 நாடுகளைச் சேர்ந்த 40 நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்ட வேண்டும். ஓர் உறுப்பினர் ஒருவரை மட்டுமே ஆதரிக்கலாம். அப்புறம்தான் குழு வருகிறது. தகுதியைச் சரிபார்த்து, வேட்பாளர்களைக் கேள்வி கேட்கிறது; அந்த அமர்வுக்கு எந்த உறுப்பினரும் வரலாம். குழுவின் வேலை அத்தோடு சரி.

தேர்ந்தெடுப்பது முழு அவை. வாக்குப்பதிவு ரகசியம், குழப்பம் இதிலிருந்தே வந்திருக்கலாம். பதிவான வாக்குகளில் பெரும்பான்மை வேண்டும். 2 சுற்றிலும் யாருக்கும் அது கிடைக்காவிட்டால், முதல் இருவர் மட்டும் மூன்றாம் சுற்றுக்குப் போவார்கள். அதிலும் சமநிலை என்றால் வயதில் மூத்தவருக்கே பதவி. 2024 டிசம்பர் 17 அன்று தெரேசா அன்ஜின்யோ தேர்வானதும் அவையின் வாக்கால்தான்.