மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்

சென்ற வாரம் உறவுக்காரத் தம்பி ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். புதுச்சேரியில் பதினொரு ஆண்டுகளாக அவன் பார்த்துவந்த வேலை ஆட்குறைப்பில் போய்விட்டது. மூன்று மாதங்களாகச் சம்பளம் இல்லை. நான் இருக்கும்போதே பெரியவர் ஒருவர் வந்தார். "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான், கவலைப்படாதே" என்று அவன் தோளைத் தட்டினார். காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார். அந்த வீட்டில் பால்காரருக்கு இரண்டு மாத பாக்கி இருப்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பழமொழியை நான் நம்புகிறேன். நம்புகிறவன் என்பதால்தான், அதை யார் யாரிடம் சொல்லலாம் என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு.

2011 டிசம்பர் 30 ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு இருந்தது. காற்று அடங்கிய பிறகு அப்பாவுடன் போய்ப் பார்த்தேன். தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. வேரோடு சாய்ந்த மரங்களை விறகுக்காவது விற்கலாம் என்றால், சுற்றுவட்டாரத்தில் எல்லாருடைய தோப்பும் ஒரே நாளில் விழுந்திருந்ததால் விறகுக்கும் விலை இல்லை. பலா மரங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு பலா காய்த்து நின்று விளைச்சல் தர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். துக்கம் விசாரிப்பதுபோல் வந்த ஒருவர் இதே பழமொழியை அப்பாவிடமும் சொன்னார். அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மரத்தை வச்சது எங்க அப்பா, தண்ணி ஊத்துனது நான்" என்றார். வந்தவர் அதன்பின் எதுவும் பேசவில்லை.

அம்மா வேறு மாதிரி. மின்சாரம் இல்லாத அந்த வாரங்களில் மாலையானால் சாமி படத்துக்கு முன் விளக்கேற்றி, உதடு மட்டும் அசைய ஏதோ சொல்லிக்கொள்வார். விடிந்தால் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போவார். கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்து உரிந்தன. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று எங்களிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் வேலை கொடுத்தவர் ஒரு மாதக் கூலியை முன்பணமாகத் தந்தபோதும், மளிகைக்கடைக்காரர் கணக்கு நோட்டை மூடி உள்ளே வைத்தபோதும், தன் வீட்டுக் கூரையே பறந்துபோன எதிர்வீட்டு அக்கா ஒரு முறம் அரிசி கொண்டுவந்தபோதும், அம்மா முதலில் விளக்கு மாடத்தைத்தான் பார்த்தார், பிறகுதான் அவர்களை. அந்த வரிசை எனக்கு அப்போது புரியவில்லை. அரிசி தந்தவர் நேரில் நிற்கும்போது மாடத்தைப் பார்ப்பது நன்றியில்லாத செயலாகக்கூடத் தோன்றியது.

அது பிடிபட்டது வடலூரில். பசித்தவர்களுக்குச் சோறிட வள்ளலார் 1867 மே 23 ஆம் தேதி தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே ஒரு நாள் அரிசி தீர்ந்துபோனதாகவும், நாளை வரும் என்று வள்ளலார் சொன்னதாகவும், மறுநாள் திருத்துறையூர்க்காரர் ஒருவர் வண்டிகளில் அரிசி ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியதாகவும் சொல்வார்கள். கேட்பவர்கள் எல்லாரும் வள்ளலாரின் வாக்கு பலித்ததை வியப்பார்கள். என் மனம் மட்டும் அந்த வண்டிக்காரரிடமே நிற்கிறது. மூட்டைகளைத் தூக்கி ஏற்றி, மாட்டைப் பூட்டி, மண்பாதையில் ஓட்டிவந்த அந்த மனிதர் இல்லாமல் அந்த வாக்கு எப்படிப் பலித்திருக்கும்? தருமச்சாலைக்கு 80 காணி நிலம் கொடுத்தவர்களும் பார்வதிபுரத்துக் குடியானவர்கள்தாம்.

இன்னொன்று. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் சிவபெருமான் நாள்தோறும் படிக்காசு தந்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. சம்பந்தருக்குக் கிடைத்த காசு சற்று மாற்றுக் குறைந்தது. வட்டம், அதாவது கழிவு, கொடுத்து மாற்ற வேண்டியிருந்ததால் அவர் மடத்தில் அடியார்களுக்குச் சோறு போடத் தாமதமாயிற்று. அவர் பொறுத்துப் போகவில்லை. "வாசி தீரவே காசு நல்குவீர்", குறையில்லாத காசாகக் கொடும் என்று கடவுளிடமே கணக்குக் கேட்டார். கஷ்டத்தில் இருப்பவன் முணுமுணுத்தால் அவனுக்கு நம்பிக்கை போதாது என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்தப் பதிகத்தை ஒருமுறை படிக்கலாம். தருவார் என்று நம்புகிறவன்தானே இப்படிக் கேட்க முடியும்?

அப்பருக்கு மட்டும் ஏன் நல்ல காசு கிடைத்தது? அவர் கைத்தொண்டு செய்தவர் என்பது மரபாகச் சொல்லும் விடை. அவரே எங்கள் மாவட்டத்துக் கடம்பூரில் பாடியதுதான், "தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணி செய்து கிடப்பதே." இதில் பின்பாதியை மட்டும் மேடைகளில் முழங்குகிறோம். முன்பாதியில் தாங்குவதைக் கடவுளின் கடன் என்றே எழுதி வைத்திருக்கிறார். அதை அப்பர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். அடுத்தவன் தோளைத் தட்டிச் சொல்லவில்லை. என் அம்மாவும் விளக்கின் முன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அதுவாகத்தான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பெரியவரைக் குறை சொல்லித் தொடங்கினேன். அன்று நானும் காபியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன். பேருந்து கடலூர் எல்லையைத் தொட்ட பிறகுதான் அது உறைத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மீண்டும் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினேன்.