பிரேக்மேன் இல்லாத பதினோரு வருடம்

டிஸ்னியை 1984 முதல் 2005 வரை, 21 வருடம் நடத்தியவர் மைக்கேல் ஐஸ்னர். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே கட்சி: ‘கம்பெனியைக் காப்பாற்றியவர்’, ‘கம்பெனியைக் கெடுத்தவர்’. வருடத்தைக் குறிப்பிடாமல் சொன்னால் இரண்டுமே தப்பு. கோடு விழுகிற இடம் 1994 ஏப்ரல்.

மலை ரயிலைப் பார்த்து வளர்ந்த குன்னூர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம். இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று மேலே தள்ளும். பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்மேன் நிற்பார். பாதையைப் பார்த்து சைகை காட்டுவதும், தன் பெட்டியின் பிரேக்கைப் பிடிப்பதும் அவர் பொறுப்பு. தள்ளுகிற இன்ஜினுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும், முன்னால் நிற்கிறவர் இல்லாமல் அந்த ரயிலை நகர்த்த மாட்டார்கள்.

ஐஸ்னர் இன்ஜின். 1984-இல் அவருடன் சேர்ந்து பதவிக்கு வந்த ஃபிராங்க் வெல்ஸ் பிரேக்மேன். ஐஸ்னர் நாளுக்குப் பத்து யோசனை சொல்வார். எது நடக்கும், எவ்வளவு செலவாகும், யாரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று வெல்ஸ் பார்ப்பார். பூட்டி வைத்திருந்த பழைய படங்களை வீடியோ கேசட்டாக விற்றார்கள், பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்தை ஏற்றினார்கள், ஃப்ளோரிடாவில் ஹோட்டல்கள் கட்டினார்கள். 1984-இல் சுமார் 165 கோடி டாலராக இருந்த ஆண்டு வருவாய், ஐஸ்னர் விலகிய 2005-இல் 3,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அந்த ஏற்றத்துக்கு அடித்தளம் முதல் பத்து வருடத்தில் போட்டதுதான்.

அனிமேஷன் புகழை மட்டும் முழுக்க ஐஸ்னர் கணக்கில் எழுத மாட்டேன். 1985-இல் ஓவியர்களை பர்பாங்க் ஸ்டுடியோ வளாகத்திலிருந்து கிளெண்டேலுக்குக் கிளப்பி அனுப்பியதும் இதே நிர்வாகம்தான். அந்தப் பிரிவுக்காக நின்றவர் வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன் ராய் டிஸ்னி. செல்லுலாய்டு தாளில் கையால் வண்ணம் தீட்டுவதை விட்டு, கோட்டோவியத்தைக் கணினியில் ஏற்றி அங்கேயே வண்ணம் சேர்க்கும் முறைக்குப் பணம் வாங்கித் தந்ததில் அவர் பங்கு பெரிது. அந்த முறையை டிஸ்னியோடு சேர்ந்து உருவாக்கியது பிக்ஸார் என்ற கணினி அனிமேஷன் நிறுவனம். ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ 1991-இல் வந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அனிமேஷன் படம் ஆனது.

வெல்ஸ் இருந்தபோதே நடந்த பெரிய சறுக்கல் பாரிஸ் பூங்கா. 1992 ஏப்ரல் 12-இல் திறந்தார்கள். 5,000-க்கு மேல் ஹோட்டல் அறைகள், பெரும்பகுதி கடனில். பாரிஸ் நகரம் 30 கிலோமீட்டர் சொச்சம்தான். ரயில் பூங்கா வாசலுக்கே வருகிறது. காலையில் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, ராத்திரி பாரிஸுக்கே திரும்பிவிட்டார்கள். ஊட்டியில் லாட்ஜ் நடத்துகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்: காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி சாயங்காலம் இறங்குகிற கூட்டத்தை எண்ணி ரூம் கட்டக் கூடாது. வட்டி ஏறி, 1994-இல் வங்கிகளோடு உட்கார்ந்து கடனைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

அந்த வருடம் ஏப்ரலில் ஹெலிகாப்டர் விபத்தில் வெல்ஸ் இறந்தார். ஜூனில் வந்த ‘லயன் கிங்’ படத்தை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார்கள். வெல்ஸின் நாற்காலியைக் கேட்ட, டிஸ்னியின் படப்பிரிவுத் தலைவர் ஜெஃப்ரி கேட்ஸன்பெர்குக்கு ஐஸ்னர் அதைக் கொடுக்கவில்லை. கேட்ஸன்பெர்க் வெளியேறி, கூட்டாளிகளோடு ட்ரீம்வொர்க்ஸ் ஸ்டுடியோவைத் தொடங்கினார். அனிமேஷன் படத்துக்கென்று தனி ஆஸ்கர் 2002-இல் முதன்முதலாகக் கொடுத்தபோது அதை வாங்கியது ட்ரீம்வொர்க்ஸின் ‘ஷ்ரெக்’. வெல்ஸ் இடத்துக்கு ஐஸ்னர் கூட்டிவந்த மைக்கேல் ஓவிட்ஸ் 14 மாதம்தான் இருந்தார். போகும்போது அவருக்குக் கிடைத்தது சுமார் 14 கோடி டாலர். பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2005-இல் நீதிமன்றம், சட்டப்படி தவறில்லை, ஆனால் நல்ல நிர்வாக நடைமுறைக்கு இது வெகுவாகக் குறைவு என்றது. இதைத்தான் பிரேக்மேன் இல்லாத ஓட்டம் என்கிறேன். எதிரே நின்று ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒருவரும் இல்லை.

என்னை அதிகம் வருத்துவது வேறு. 2003 செப்டம்பர் 5, கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட், பிக் தண்டர் மவுண்டன் சவாரி. சுரங்க ரயில் மாதிரி செய்த ரோலர் கோஸ்டர். இன்ஜின் பெட்டியின் இடப்பக்க வழிகாட்டிச் சக்கரத்தின் போல்ட்டுகளை முறைப்படி இறுக்கவில்லை. போல்ட் தளராமல் பிடிக்கிற பாதுகாப்புக் கம்பியையும் கட்டவில்லை. ஓட்டத்தில் அச்சு கழன்றது, இன்ஜின் தடம் புரண்டது. 22 வயது இளைஞர் இறந்தார், பத்துப் பேர் காயமடைந்தார்கள். பராமரிப்புக் குறைபாடுதான் காரணம் என்று மாநில விசாரணை சொன்னது. ஐஸ்னர் ஸ்பேனர் பிடிக்கவில்லை. செலவுக் குறைப்பால்தான் நடந்தது என்று நிரூபிக்கப்படவும் இல்லை. ஆனாலும் ஒரு குடும்பம் குழந்தையை நம்பி உட்கார வைக்கிற இடத்தில், போல்ட் இறுக்குகிறவருக்கு என்ன பயிற்சி, எத்தனை மணி நேரம், யார் மறுபடி பார்ப்பது என்பதெல்லாம் மேலிருந்து கீழே இறங்குகிற விஷயம். குன்னூர் ஷெட்டில் வேலை பார்த்த எவரும் இதை ஒத்துக்கொள்வார்.

2004 ஜனவரியில் கையால் படம் வரைந்த ஆர்லாண்டோ ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தார்கள். அதே மாதம், டிஸ்னியோடு கூட்டாகப் படம் எடுத்துவந்த பிக்ஸார், ஒப்பந்தத்தை நீட்டிக்கும் பேச்சுவார்த்தையை முறித்தது. ராய் டிஸ்னி ஏற்கெனவே ராஜினாமா செய்து எதிர்ப்பைத் திரட்டிக்கொண்டிருந்தார். மார்ச் 3-இல் பங்குதாரர் கூட்டத்தில் 43 சதவீத வாக்குகள் ஐஸ்னருக்கு ஆதரவு தர மறுத்தன. இயக்குநர் குழுத் தலைவர் பதவியை அன்றே பறித்தார்கள். 2005 செப்டம்பர் 30-இல் தலைமை நிர்வாகி பதவியிலிருந்தும் விலகினார்.

முதல் பத்து வருடத்துக்கு அவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையில் ஒரு குண்டுமணி குறைக்க மாட்டேன். பாதியை வெல்ஸ் பெயரில் எழுதச் சொல்வேன், அவ்வளவுதான். அடுத்த பதினோரு வருடத்துக்கான பில், அவர் போய் நான்கு மாதம் முடிவதற்குள் வந்தது. ஐஸ்னருக்கு அடுத்து வந்த பாப் ஐகர், 2006 ஜனவரி 24-இல், ஐஸ்னர் காலத்தில் கூட்டாளியாக இருந்து கைநழுவிய பிக்ஸாரை டிஸ்னி 740 கோடி டாலர் பங்குகள் கொடுத்து வாங்கப்போவதாக அறிவித்தார்.