வரைந்தவன் மேல் என்ன கோபம்?

சோவியத் வடிவமைப்பாளர்கள் வரைந்தார்களே தவிர எதுவும் உருவாகவில்லை என்று கேலி செய்து வெள்ளிக்கிழமை ஒரு பதிவு வந்தது, பார்த்திருப்பீர்கள். இங்கே பகிர்ந்து அதற்கு இன்னும் நூறு லைக் வாங்கித் தருவதாக இல்லை. "காகிதத்தில் டாக்ஸி ஓட்டிய சோவியத் மேதைகள்" என்று தலைப்பு, கீழே வினீத்தே என்ற சோவியத் தொழில் வடிவமைப்பு நிறுவனத்தின் பழைய படங்கள், வரிசையாகச் சிரிப்புக் குறிகள். நான் இரண்டு வரி பதில் போட்டேன். "அண்ணன் குடையை விரிச்சுட்டாரு, மாஸ்கோவுல மழை போல" என்று என்னையும் சோவியத் பக்தனாக்கி ஒரு சிரிப்புக் குறி.

சரி. அவர்கள் வடிவமைத்த அந்த டாக்ஸி காகிதத்தோடு நிற்கவில்லை. 1964இல் செய்து மாஸ்கோ தெருவில் ஓட்டியே பார்த்தார்கள். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. குழந்தை வண்டியோடு ஏறலாம். தொழிற்சாலை அதை எடுத்துச் செய்யவில்லை. வரைந்தவன் தன் வேலையை முடித்துவிட்டான், செய்ய வேண்டியவன் செய்யவில்லை. அவ்வளவுதான் கதை.

ஏன் செய்யவில்லை? 1962இல் யூரி சொலொவியோவ் தலைமையில் தொடங்கிய வினீத்தே, அதாவது தொழில்நுட்ப அழகியல் நிறுவனம், பரிந்துரைதான் எழுதலாம். தொழிற்சாலைகளோ அமைச்சகங்களின் கையில். அங்கே எல்லாம் உருப்படிக் கணக்கு. புது வடிவத்துக்காக லைனை நிறுத்தினால் இலக்கு போச்சு, போனஸ் போச்சு. எதைச் செய்து வைத்தாலும் ஜனம் வரிசையில் நின்று வாங்கிப்போகிறது. எந்த மேனேஜர் மாற்றுவான்?

அப்பாவிடம் ஜெனித்-இ என்ற சோவியத் கேமரா ஒன்று இருந்தது. கழுத்தில் மாட்டினால் அம்மிக் குழவியைத் தொங்கவிட்ட மாதிரி. ஷட்டருக்கு, நொடியில் 30இல் ஒரு பங்கு முதல் 500இல் ஒரு பங்கு வரை, ஐந்தே வேகம். 1965இல் வந்த மாடல். 1980களில் வந்த ஜெனித்-11ஐப் பாருங்கள், அதே ஐந்துதான். நடுவில், 1970களில், அமெரிக்காவிலிருந்து பெயர்பெற்ற வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியையே பிடித்து ஜெனித்துக்குப் புது வடிவம் வரைய வைத்தார்கள். அதுவும் கடைக்கு வரவில்லை. அவரைப் பார்த்தும் சிரிக்க வேண்டியதுதானே?

சோவியத் யூனியன் உடைந்து சந்தை வந்ததும் இவர்களுக்கு நல்ல காலம் பிறந்திருக்க வேண்டும், பாடப்புத்தகப்படி. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு போனது. அரசுப் பணமும் வற்றியது. வெளிநாட்டு டிவி வந்து குவிந்தது. வடிவம் கேட்டு வர வேண்டிய தொழிற்சாலைகளே சம்பளம் போட வழியில்லாமல் படுத்துவிட்டன. 1964 முதல் வந்த வினீத்தேயின் இதழும் அந்த வருஷத்தோடு சரி. வீட்டுத் திரை, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஒரே மையக் கருவியோடு இணைக்கும் 'ஸ்பிங்க்ஸ்' திட்டத்தை 1987லேயே முன்வைத்த வினீத்தே வடிவமைப்பாளர் திமித்ரி அஸ்ரிகான் அமெரிக்கா போய்விட்டார். 2013இல் நிறுவனத்தையே ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்த்து முடித்துவிட்டார்கள். அரசின் திட்டப் பொருளாதாரமும் அவர்களை வாங்கவில்லை, சந்தையும் வாங்கவில்லை. இதில் வரைந்தவன் குற்றம் எங்கே?

"மேற்கைப் பார்த்துக் காப்பி அடித்தவர்கள்தானே?" என்பார்கள். அடித்தார்கள். யார் அடிக்கவில்லை? அடுத்து. "மக்கள் பணம் வீண்." இதற்குத்தான் எனக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. செய்யாமல் விட்டது வீணா, வரைந்தது வீணா? நான் ஒன்றும் ஸ்டாலின் படத்துக்கு மாலை போடுகிறவன் இல்லை. என் கதையைக் கேளுங்கள். கோயம்புத்தூரில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் இருந்தேன், பெயர் வேண்டாம். சாய்க்கிற கைப்பிடியின் தகட்டு விளிம்பு விரலை வெட்டுகிறது என்று நாலு மாசம் உட்கார்ந்து புதுசாக வரைந்தேன். முதலாளி நல்ல மனுஷன், காபி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அச்சு டையை மாத்துனா தீபாவளி சீசன் போயிரும். இப்ப இருக்கறதே ஓடுதுல்ல?"

அவருக்கு எந்த அமைச்சகமும் இலக்கு வைக்கவில்லை. சுத்தமான தனியார். ஆனால் மாஸ்கோ மேனேஜர் சொன்ன அதே பதில். அன்றைக்கு யாரும் "காகிதத்தில் கிரைண்டர் ஓட்டிய மேதை" என்று பதிவு போடவில்லை, நல்லவேளை.

நான் வரைந்த அந்தக் கைப்பிடி வரைபடச் சுருள் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அம்மா இன்னமும் கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றித்தான் மாவைச் சாய்க்கிறாள். சிரிப்புக் குறி மீதி இருப்பவர்கள் அதற்கும் போடலாம்.