குளுட்டமேட்டைச் சாப்பாட்டில் குறைத்தால் ஏஎல்எஸ் நிற்காது

தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் படிப்படியாக அழியும் நோய்தான் ஏஎல்எஸ். "ஏஎல்எஸ் நோயில் தண்டுவட நரம்புகளைக் கொல்வது குளுட்டமேட். அதனால் அஜினோமோட்டோவை நிறுத்தினால் நோய் நின்றுவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு, இரண்டாவது பாதி தவறு.

குளுட்டமேட் ஒரு அமினோ அமிலம்; அஜினோமோட்டோ என்பது அதன் உப்பு. நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப அதைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. நாம் சாப்பிடும் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரித்துவிடும். ரத்தத்தில் கலக்கும் மிச்சத்தையும் மூளை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள தடுப்பு எளிதில் உள்ளே விடாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை முடிந்த குளுட்டமேட்டை நரம்பு செல்களுக்குத் துணையாக அருகிலுள்ள ஆஸ்ட்ரோசைட் செல்கள் உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ஈஏஏடி2 என்ற புரதம் ஏஎல்எஸ் நோயாளிகள் பலரின் தண்டுவடத்தில் குறைந்திருந்தது. அப்போது குளுட்டமேட் தேங்கி, இயக்க நரம்பு செல்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுந்து அவற்றைச் சிதைக்கிறது. ஆனால் நோய்க்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. எஸ்ஓடி1 போன்ற மரபணுக்களில் ஏற்படும் மாற்றங்களும் இருக்கின்றன.

1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல், குளுட்டமேட் வெளியாவதைக் குறைக்கும் மருந்து. சோதனைகளில் அது ஆயுளைச் சில மாதங்களே நீட்டியது. எலிகளில் ஈஏஏடி2வை அதிகரித்த செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் மருந்தோ மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனையில் தோற்றது. மருந்துகளின் நிலையே இப்படி!

இன்னொன்று, அமினோ அமில மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இத்தாலியில் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களை (லூசின் போன்றவை) ஏஎல்எஸ் நோயாளிகளுக்குக் கொடுத்த சோதனையில், அவற்றை எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்ததால் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அப்புறம், ஏஎல்எஸ்ஸில் எடை குறைவதே ஆபத்து. உணவை வெட்டச் சொல்லும் எந்த யோசனையையும் நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.