பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள்

பெத்லகேமுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி மலைச்சரிவில் இருக்கிறது பத்தீர். பாலஸ்தீனத்தின் சின்ன விவசாய ஊர். அங்கே வாரத்துக்கு எட்டு நாள் என்பார்கள். ஊரில் எட்டுப் பெரிய குடும்பங்கள். ஊற்றுத் தண்ணீர் குடும்பத்துக்கு ஒரு நாள் முறை. ஒருமுறை விட்டால் எட்டு நாள் கழித்துத்தான் மறுபடி தண்ணீர்.

ஊற்று நீர் ரோமர் காலத்துக் குளத்தில் சேர்கிறது. குளத்துக்குள் அளவுகோலை விட்டு ஆழம் பார்த்து, அதை வைத்துப் பங்கு பிரிப்பார்கள். மடையைத் திறந்துவிட்டால் மோட்டார் இல்லாமல் வாய்க்கால் வழியே படிவயல்களுக்குத் தண்ணீர் தானாக இறங்கும். சாந்து பூசாமல் கல்லை அடுக்கிய சுவர்கள்தான் அங்கே மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. மானாவாரியில் ஒலிவமும் திராட்சையும், தண்ணீர் பாயும் இடத்தில் காய்கறி. பத்தீர் கத்தரிக்காய் அந்த வட்டாரத்தில் பேர்போனது. நீளமாக இருக்கும், குடைந்து அரிசியும் இறைச்சியும் அடைத்துச் சமைப்பார்கள்.

இஸ்ரேல் உருவான 1948 போரில் ஊர் ஏறக்குறைய காலியானது. ஹசன் முஸ்தபா என்பவரும் எஞ்சிய சிலரும் ஆளில்லாத வீடுகளில் விளக்கேற்றி, கொடியில் துணி காயப்போட்டு, ஊரில் ஜனம் இருப்பதாகக் காட்டினார்கள். 1949இல் ஊர் வழியே போகும் ரயில் பாதை இஸ்ரேல் வசம் போனது. ரயிலுக்குத் தொந்தரவு தராதவரை, தண்டவாளத்துக்கு அப்பால் உள்ள தங்கள் நிலத்தில் ஊர்க்காரர்கள் பயிரிடலாம் என்று ஏற்பாடானது. ஊர் அந்த வாக்கைக் காப்பாற்றியது.

பிறகு, இந்த வயல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டும் பிரிவினைச் சுவர் வரவிருந்தது. ஊர் நீதிமன்றம் போனது. இஸ்ரேலின் இயற்கை, பூங்கா ஆணையமே ஊர்ப் பக்கம் பேசியது. 2014இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தலமாக்கி, கையோடு ஆபத்தில் உள்ள தலங்களின் பட்டியலிலும் சேர்த்தது. சுவர் வரவில்லை. சரி, தப்பியது என்று பார்த்தால், 2024இல் அந்தத் தலத்தின் எல்லைக்குள்ளேயே நஹல் ஹெலெட்ஸ் என்ற யூதக் குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு அனுமதி தந்தது.

குடியேற்றம் வந்தால் வயலுக்குப் போகும் பாதை அடைபடும். மேற்குக் கரையில் எத்தனையோ ஊர்களில் இதைப் பார்த்தாயிற்று. ஆள் போகாத படிவயலில் நாலு மழைக்குக் கல் சரியும், மண் கரையும். பயிரிடாமல் மூன்று ஆண்டு கிடந்த நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள துருக்கியர் ஆண்ட காலத்து, 1858ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச் சட்டம் இடம் தருகிறது. நிலத்தை 'அரசு நிலம்' என்று அறிவிக்க இஸ்ரேல் அந்தச் சட்டத்தைத்தான் கையில் எடுக்கிறது. போகவிடாமல் தடுப்பதும் அவர்களே, அப்புறம் ஏன் உழவில்லை என்று கேட்பதும் அவர்களே. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நஹல் ஹெலெட்ஸ் அனுமதியை ரத்து செய்ய வேண்டும். 2014இல் பத்தீரைப் பட்டியலில் சேர்த்த நாடுகள் இதை வாய்திறந்து கேட்க வேண்டும்.