பறிபோன ஐந்து அடி

முகூர்த்தத்துக்குச் சில நிமிடங்களே இருந்தன. அட்சதை விழும் காட்சியை மெதுவாக ஓடவிட்டுக் காட்ட வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டிருந்ததால், கேமராவை நொடிக்கு 25 ஃப்ரேமிலிருந்து, அதாவது 25 படத்திலிருந்து, 50 ஃப்ரேமுக்கு மாற்றினேன். மாற்றிய நொடியில், அதுவரை மணமக்கள், இருபுறமும் பெற்றோர், ஐயர், முன்னால் அக்கினி என்று முழுதாக அடங்கியிருந்த மணவறை, யாரோ என் முதுகில் கைவைத்து முன்னே தள்ளியதுபோல் திரையில் நெருங்கி வந்து நின்றது. பெண்ணின் தந்தை இடது ஓரத்தில் காணாமற்போனார். மாப்பிள்ளையின் தாயாருக்குப் பாதித் தோள் மட்டும் மிஞ்சியது. சிறிய மண்டபம் அது. முதுகை ஒட்டி முதல் வரிசை நாற்காலிகள், இரண்டு பக்கமும் கைபேசியை உயர்த்திப் பிடித்த உறவினர்கள். மெனுவைத் திறந்து பழையபடி மாற்றுவதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. மகளின் கழுத்தில் தாலி ஏறியபோது அந்தத் தந்தையின் முகம் எப்படி இருந்தது என்பது நான் எடுத்த வீடியோவில் இல்லை. அதை இன்னொரு முறை எடுக்கவும் முடியாது.

இரண்டு வாரங்களுக்கு முன்புதான், கடன் வாங்கி, ஒப்பீடுகளையெல்லாம் இரவு இரவாகப் படித்து, அந்த முழு ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவையும் (படத்தைப் பதிவுசெய்யும் அதன் சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரியது), அகலமாகக் காட்டும் 24 மி.மீ. எஃப்/1.8 லென்ஸையும் வாங்கியிருந்தேன். பெட்டியின் மேல் '4கே 60' என்று பெரிய எழுத்தில் இருந்தது; 4கே என்பது படத்தின் துல்லியம், 60 என்பது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது. 4கே 60-ஐத் தொட்டதும் சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே அது பயன்படுத்தும், படம் 1.5 மடங்கு க்ராப் ஆகும், அதாவது ஓரங்கள் வெட்டுப்படும் என்பது, விவரக்குறிப்புப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து அடிக்குறிப்பாக இருந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கு மினுக்காமல் இருக்க நாங்கள் 60-ஐ விட்டு 50-இல்தான் எடுக்கிறோம். அதிலும் அதே க்ராப்தான். கேமராவின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இது ஒரே ஒரு நிறுவனத்தின் பழக்கம் அன்று.

1.5 என்றால் என்ன என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை என்பதால் நானே கணக்குப் போட்டுச் சொல்கிறேன். முழு ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. அதில் 24 மி.மீ. லென்ஸைப் பொருத்தி 10 அடி தூரத்தில் நின்றால், 15 அடி அகலம் படத்தில் விழும். 1.5 மடங்கு க்ராப் ஆனால் அதே லென்ஸ் 36 மி.மீ. லென்ஸ்போல் ஆகிவிடுகிறது; அதே இடத்தில் நின்றால் 10 அடிதான் விழும். ஐந்து அடி போய்விட்டது. மணவறையில் ஐந்து அடி என்பது பெண்ணைப் பெற்றவர்கள் நிற்கும் இடம். பரப்பில் பார்த்தால் இழப்பு இன்னும் பெரிது: சென்சாரில் 44 சதவீதம் மட்டுமே வேலை செய்கிறது, 'முழு ஃப்ரேம்' என்ற சொல்லுக்காகவே கூடுதலாகக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில் சும்மா கிடக்கிறது.

இது நேற்று முளைத்த சிக்கலும் அன்று. 2018-இல் வந்த கேனான் இஓஎஸ் ஆர், 4கே-யில் எந்த வேகத்தில் எடுத்தாலும் சுமார் 1.7 மடங்கு க்ராப் செய்தது. அதே ஆண்டின் கேனான் எம்50, ஏற்கெனவே சிறிய சென்சாரின் மேல் இன்னொரு 1.6 மடங்கு க்ராப் போட்டது மட்டுமல்லாமல், 4கே-க்கு மாறியதும் தானாக ஃபோகஸ் பிடிக்கும் தன் வேகமான டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸையும் கைவிட்டது. 2020-இன் நிகான் இசட்5-க்கும் 4கே-யில் 1.7 மடங்கு. 2021-இன் சோனி ஏ7 நான்காம் பதிப்பு 30 ஃப்ரேம் வரை முழு அகலத்தையும் தந்துவிட்டு, 60 என்றதும் 1.5 மடங்கு சுருங்கியது. இவற்றையெல்லாம் ஒரே அட்டவணையில் போட்டு, '4கே உண்டா' என்ற கேள்விக்கு நேராகப் பச்சை டிக் அடித்துவிட்டுப் போகும் ஒப்பீடுகளை எத்தனை படித்தேன்!

பொறியியல் காரணம் இருப்பது எனக்குத் தெரியும். சென்சாரில் உள்ள புள்ளிகளை வரிசை வரிசையாகப் படித்தெடுக்க நேரம் ஆகிறது. 33 மெகாபிக்சல் சென்சாரின் முழு அகலத்தையும் ஒரு நொடிக்கு 60 முறை படிக்க வேகம் போதாதபோது, நடுவில் இருக்கும் குறைந்த வரிசைகளை மட்டும் படிக்கிறார்கள். வேகமாகப் படித்தால் சூடும் ஏறுகிறது. சோனி ஏ7எஸ் மூன்றாம் பதிப்பு வெறும் 12 மெகாபிக்சலோடு வந்ததால்தான் அதனால் 60 ஃப்ரேமிலும் முழு அகலத்தைத் தர முடிந்தது. க்ராப் செய்ததற்காக நான் கோபப்படவில்லை. '4கே 60' என்ற எழுத்தின் பக்கத்திலேயே, அதே அளவில், 'படம் 1.5 மடங்கு சுருங்கும்' என்று அச்சிடாததற்காகக் கோபப்படுகிறேன்.

கேமராவைத் தனியாகவும் லென்ஸைத் தனியாகவும் ஒப்பிடும் இந்த வழக்கம்தான் எங்களைப் போன்றவர்களைக் கவிழ்க்கிறது. 24 மி.மீ. லென்ஸ் நல்லது என்று ஒருவர் எழுதுகிறார், அது உண்மை. அந்தக் கேமரா நல்லது என்று இன்னொருவர் எழுதுகிறார், அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்து 50 ஃப்ரேமில் ஓடவிட்டால் அது அகல லென்ஸே அல்ல என்பதை இருவரும் எழுதுவதில்லை. இழந்த அகலத்தைத் திரும்பப் பெற எனக்கு 16 மி.மீ. வேண்டும். 16-35 எஃப்/2.8 ஜூம் வாங்கினால், எஃப்/1.8-ஓடு ஒப்பிடும்போது உள்ளே வரும் ஒளி பாதிக்கும் கீழே போய்விடுகிறது. விடியற்கால முகூர்த்தத்தில், மஞ்சள் விளக்கு மட்டும் எரியும் மண்டபத்தில், அந்த ஒளியை எங்கிருந்து கொண்டுவருவது? நடந்துகொண்டே எடுக்கும்போது கை நடுக்கத்தைக் குறைக்க மின்னணு நிலைப்படுத்தலைப் போட்டால் அது தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் வெட்டுகிறது. ஃபோகஸ் மாறும்போது காட்சி விரிந்து சுருங்குவதைச் சரிசெய்யும் சோனியின் வசதியோ, அந்நிறுவனத்தின் குறிப்பிட்ட லென்ஸ்களில் மட்டுமே வேலை செய்கிறது, அதற்கும் ஓரத்தைச் சிறிது பறிகொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனி அடிக்குறிப்பு. எல்லாம் கூடி விழுவதோ ஒரே படத்தின் மேல்.

சென்ற வாரம் கடைக்குப் போய், காட்சிக்கு வைத்திருந்த கேமராவில் 24 மி.மீ. லென்ஸை மாட்டச் சொல்லி, எதிர்ச்சுவரிலிருந்து 10 அடி தள்ளி நின்று, 25-இலிருந்து 50-க்கு மாற்றிக் காட்டினேன். சுவரில் இருந்த இரண்டு அலமாரிகள் படத்தை விட்டு வெளியே போயின. விற்பனையில் இருந்த தம்பி அதை அதுவரை பார்த்ததில்லை. "எல்லா மிரர்லெஸ்ஸும் இப்படித்தாங்க அண்ணே" என்றார். அப்படி இல்லை, 2022-இல் வந்த கேனான் ஆர்6 இரண்டாம் பதிப்பு 24 மெகாபிக்சல் சென்சாரின் முழு அகலத்தோடு 4கே 60 எடுக்கிறது என்று சொன்னேன். அவர் விலை அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு கேமராக்களின் அட்டையிலும் '4கே 60' என்று மட்டுமே எழுதியிருந்தது.