‘கொண்டுவந்து வைத்த பாலம்’ வெள்ளத்தில் கழன்று போகுமா?

மலையகத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: “வேறெங்கோ வார்த்துக் கொண்டுவந்து வைக்கும் பாலம் ஒட்டு வேலை. அடுத்த வெள்ளத்தில் கழன்று போகும். ஆற்றிலேயே கொங்கிரீட் போட்டால்தான் நிற்கும்.” இது தவறு.

இப்படி வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவருவதை முன்வார்ப்பு என்பார்கள். அந்தக் கொங்கிரீட் உத்திரங்களை ஆற்றுக்குக் குறுக்கே அடுக்கியதோடு வேலை முடிவதில்லை. அவற்றின் மேல்முகத்தில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் குறுக்கே கம்பி கட்டி, அந்த இடத்திலேயே கொங்கிரீட் ஊற்றுவார்கள். இறுகிய பிறகு எல்லாம் ஒரே தளமாகச் சுமை தாங்கும்.

வெள்ளம் சிறு பாலங்களைச் சாய்ப்பது பெரும்பாலும் அடியிலிருந்துதான். பாலத்தின் முனையைக் கரையில் தாங்கும் சுவரான கரைத்தாங்கியின் அத்திவாரத்தைச் சுற்றி மண்ணை அரித்துவிடும், இல்லையென்றால் மரமும் கல்லும் வந்து பாலத்தின் கண்ணை, அதாவது தண்ணீர் போகும் வழியை, அடைத்துவிடும். உத்திரத்தை எங்கே வார்த்தார்கள் என்று தண்ணீர் கேட்பதில்லை. சொல்லப்போனால், ஆற்றுக்குள் முட்டு நட்டுப் பலகை அடித்து வார்க்கும்போதுதான் பயம் கூட. மேலே ஒரு மழை பெய்தால் போதும், முட்டோடு எல்லாம் போய்விடும்.

சரி, முன்வார்ப்புக்குக் குறையே இல்லையா? உண்டு. 12 மீற்றர் உத்திரம் ஏற்றிய லொறி றம்பொடை வளைவுகளில் திரும்ப வேண்டும், கிரேன் நிற்க உறுதியான தரையும் வேண்டும். தோட்டப் பாதைகளில் இரண்டும் கஷ்டம். அங்கே சிற்றோடை என்றால், சிறிய லொறியில் ஏறும் பெட்டி மதகுத் துண்டுகளே (உள்ளே தண்ணீர் ஓடும் பெட்டி வடிவக் கொங்கிரீட் துண்டுகள்) போதுமா என்று முதலில் பார்ப்பது நல்லது.